உரக்கடைக் கடனும் களத்து நெல்லும்: அறவழிப் பொருள் பற்றிச் சாத்திரங்கள் எங்கே கோடு கிழிக்கின்றன?

படுகைவாசி எழுதியது:

அவையோருக்கு வணக்கம். காவிரிப் படுகையில் ஒரு சிற்றூரில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடையைத் தந்தையாரிடமிருந்து ஏற்று நடத்தி வருகிறேன். எங்கள் பக்கத்தில் ரொக்கத்துக்கு உரம் வாங்குபவர்கள் குறைவு. நாற்று விட்டது முதல் கதிர் முற்றும் வரை தேவைப்படும் யூரியா, டிஏபி, பொட்டாஷ் எல்லாவற்றையும் கடன் நோட்டில் எழுதச் சொல்லி எடுத்துப் போவார்கள். சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் கணக்குத் தீர்ப்பார்கள். மூட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாயும் நான் கூட்டுவதில்லை. ஆனால் நிலுவைக்கு மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி போடுவது தந்தையார் காலத்து வழக்கம். பணமாகத் தர இயலாதவர்கள் களத்திலேயே நெல்லாக அளந்து விடுவார்கள். அன்றைய களத்து விலைக்கு அதை வரவு வைத்துக்கொண்டு, சில மாதம் இருப்பு வைத்து, விலை ஏறியதும் ஆலைக்கு விற்பேன்.

அண்மையில் எங்கள் ஊர்க் கோயிலில் நடந்த உபந்நியாசத்தில், பொருள் என்பதே பதினைந்து கேடுகளுக்கு வேர் என்று பாகவதத்தில் சொல்லியிருப்பதாகப் பேசினார்கள். வீட்டில் தந்தையாரோ, "பொருளில்லார்க்கு இவ்வுலகம் இல்லை" என்ற குறள் கருத்தைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார். இரண்டையும் வைத்துக்கொண்டு கடை நடத்த முடியவில்லை. அறத்தோடு பொருந்திய பொருளீட்டல் என்று நம் நூல்கள் சொல்வது பொதுவான அறிவுரை மட்டுமா, அல்லது இவ்வளவு வரை சரி, இதற்கு மேல் தவறு என்று அளந்து காட்டும் விதிகள் உண்டா? வட்டியைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? ஆண்டுதோறும் அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி தருகிறோம். ஈட்டிய முறையில் குறை இருந்தால் அந்தத் தானம் அதைச் சரிசெய்துவிடுமா? நூலறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

உபந்நியாசகர் சொன்ன பகுதி பாகவதத்தின் 11வது ஸ்கந்தத்தில் (பகுதியில்), அவந்தி நாட்டு அந்தணன் கதையில் வருகிறது. உழவாலும் வாணிகத்தாலும் பெரும்பொருள் சேர்த்து, தானும் துய்க்காமல் பிறர்க்கும் ஈயாமல் பூட்டி வைத்து, பிறகு அத்தனையையும் இழந்த ஒரு கஞ்சன் இழந்த பின்பு சொல்லும் சொற்கள் அவை. சொன்னவன் யார், எந்த நிலையில் சொன்னான் என்பதை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்து மேடையேற்றுவது நம் உபந்நியாசங்களில் அடிக்கடி நேர்கிறது. அதே பாகவதத்தின் 8வது ஸ்கந்தத்தில், பொருளை அறம், புகழ், மேலும் பொருளீட்டல், இன்பம், சுற்றம் என ஐந்து கூறாக்கி வைப்பவன் இம்மையிலும் மறுமையிலும் மகிழ்வான் என்றும் இருக்கிறது. (இதைச் சொல்பவர் சுக்கிராசாரியார், மகாபலி வாமனருக்குக் கொடுத்துவிடாமல் தடுப்பதற்காகச் சொல்கிறார் என்பதால், இங்கும் அதே எச்சரிக்கை தேவைதான்.)

பொருளைத் துறந்தால்தான் அறம் என்பது துறவிக்கு உரிய வழி. இல்லறத்தானுக்கு நூல்கள் வகுத்தது வேறு. பழைய அறநூலான மனுஸ்மிருதி 2.224 (அத்தியாயம், சுலோக எண்) இதில் இருந்த கருத்து வேறுபாடுகளை வரிசையாகச் சொல்கிறது: அறமும் பொருளுமே நன்மை என்பர் சிலர், இன்பமும் பொருளும் என்பர் சிலர், அறம் ஒன்றே என்பாரும் பொருள் ஒன்றே என்பாரும் உண்டு, முடிவு என்னவென்றால் மூன்றும் சேர்ந்ததே நன்மை. மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் விதுரரும் பாண்டவர் ஐவரும் இதையே வைத்து வாதிடுகிறார்கள். விதுரர் அறத்தையும், அருச்சுனன் பொருளையும், வீமன் இன்பத்தையும் முதலாக வைக்க, நகுலனும் சகாதேவனும் பொருளோடு கூடிய அறமும் அறத்தோடு கூடிய பொருளுமே தேவை, அவை கலந்தால் அமுதும் தேனும் கலந்தது போல் என்கிறார்கள். தருமன் மட்டும் வீடுபேற்றின் பக்கம் போய்விடுகிறான். போர் முடிந்து, நாடு கையில் வந்த பிறகும் ஆறு பேருக்கு ஆறுதலான ஒரே முடிவு கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்களும் தந்தையாரும் வேறுபடுவதில் வியப்பில்லை.

இனி உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். அளந்து காட்டும் விதிகள் உண்டு. நாரத ஸ்மிருதி பொருளை மூன்று நிறமாகப் பிரிக்கிறது. கல்வி, வீரம், தவம், சீடர் தருவது, வேள்வியில் பெறுவது, முன்னோர் வழியாக வருவது போன்றவை வெண்மை. வட்டி, உழவு, வாணிகம், சுங்கம், கைத்தொழில், ஊழியம், செய்த உதவிக்குக் கைம்மாறாகப் பெறுவது ஆகியவை கலப்பு நிறம். கையூட்டு, சூது, பிறரை வருத்திப் பறித்தல், போலி செய்தல், கொள்ளை, வஞ்சனை ஆகியவற்றால் வந்தது கருமை. எந்த நிறப் பொருளைக் கொண்டு ஒரு செயலைச் செய்கிறோமோ அந்த நிறத்துக்கு ஏற்ற பயனே கிடைக்கும் என்பது அங்குள்ள விதி. வைசியனுக்கு உழவும் ஆநிரை காத்தலும் வாணிகமும் உரிய தொழில் என்றும் அந்த நூலே சொல்வதால், கலப்பு நிறம் என்றதும் மனம் உடைய வேண்டியதில்லை. உழவையே அங்கேதான் வைத்திருக்கிறார்கள். கலப்பு என்பதன் பொருள், அதற்குள் கறுப்பாகும் வாய்ப்பும் வெளுக்கும் வாய்ப்பும் இரண்டும் இருக்கின்றன என்பதே என நான் கொள்கிறேன்.

வட்டிக்கு வருவோம். பொருள் வரும் அறவழிகள் ஏழு என்று மனு 10.115 எண்ணும்போது அவற்றுள் ஒன்றாக வட்டிக்குக் கொடுத்தலையும் சேர்க்கிறார். அளவும் குறிக்கிறார்: வசிஷ்டர் விதித்தபடி மாதத்துக்கு முதலில் 80ல் ஒரு பங்கு, அதாவது நம் பேச்சில் நூற்றுக்கு ஒன்றேகால் வட்டி. மேலும், ஒரே தவணையில் வாங்கும் வட்டி முதலின் அளவைத் தாண்டி, மொத்தம் இரட்டிப்புக்கு மேல் போகக் கூடாது என்பது 8.151. இந்த இரட்டிப்பு விதி ஏட்டோடு நின்றுவிடவில்லை. 'தாம்துபட்' என்ற பெயரில் பம்பாய் மாகாணத்திலும் கல்கத்தா நகரிலும் ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் இந்துக்களுக்கு இடையிலான கடன்களில் இதைக் கையாண்டன. இவ்வளவு அனுமதித்த மனுவே 4வது அத்தியாயத்தில் கொடுவட்டிக்காரன் இடும் சோறு மலத்துக்கு ஒப்பு என்று சொல்லிவிடுகிறார். ஆகவே வட்டி என்ற செயலை அவர்கள் ஒதுக்கவில்லை. அதில் ஒரு கட்டத்துக்கு மேல் போனவனைத்தான் பந்தியிலிருந்து எழுப்புகிறார்கள்.

அந்தக் கட்டம் எது? என் மனத்தில் உங்கள் வட்டியைவிட உங்கள் நெல்தான் உறுத்துகிறது. வசிஷ்ட தர்மசூத்திரம் கொடுவட்டிக்காரன் யார் என்பதற்கு ஒரு வரையறை தருகிறது: மலிவாகத் தானியத்தை எடுத்துக்கொண்டு அதை விலை ஏற்றிக் கொடுப்பவன். அவனையும் அந்தணனைக் கொன்றவனையும் தராசில் நிறுத்தியபோது கொலையாளியின் தட்டே மேலெழுந்தது, அதாவது அவன் பாவமே இலேசானது என்றும் அங்கேயே வருகிறது. களத்தில் எல்லோரும் ஒரே வாரத்தில் அறுக்கும்போது விலை விழும் என்பது உங்களுக்கும் தெரியும், அளந்து விடுபவருக்கும் தெரியும். உங்களுக்குக் காத்திருக்க இடம் இருக்கிறது, அவருக்கு இல்லை. வட்டியை ஒரு கையிலும் விலை வேறுபாட்டை மறு கையிலும் வாங்கினால், நோட்டில் எழுதிய இரண்டு வட்டி உண்மையில் எத்தனை வட்டி என்று ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

அடியார்க்கடியன் எழுதியது:

தானம் பற்றிய கேள்விக்கு மட்டும் என் பங்கு. "கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தாற்போல" என்று நம் ஊரில் சொல்வதை மகாபாரதம் ஒரு கீரிப்பிள்ளையை வைத்துச் சொல்கிறது. தருமன் நடத்திய அசுவமேத வேள்வியில் வாரி வழங்கிய பின், பாதி உடல் பொன்னான ஒரு கீரி வந்து, குருக்ஷேத்திரத்தில் சிந்திய தானியத்தைப் பொறுக்கி உண்டு வாழ்ந்த ஒரு குடும்பம் தன் பசியைப் பொறுத்துக்கொண்டு விருந்தினனுக்கு இட்ட மாவுக்கு இந்த வேள்வி ஈடாகாது என்று சொல்லிப் போகிறது. நேர்மையான வழியில் வந்த சிறு பொருளை நம்பிக்கையோடு கொடுப்பதில் அறக்கடவுள் மகிழ்வது போல, முறைதவறி வந்த பெரும்பொருளைக் கொடுப்பதில் மகிழ்வதில்லை என்பது அந்தப் பகுதியின் கருத்து. மனுஸ்மிருதியும் பிராயச்சித்தம் கூறும் 11வது அத்தியாயத்தில், பழிக்கத்தக்க வழியில் பொருள் சேர்த்தவர் அந்தப் பொருளை விட்டுவிடுவதாலும் ஜபத்தாலும் தவத்தாலும் தூய்மை அடைகிறார் என்கிறது. அந்த விதி அந்தணரைக் குறித்துச் சொன்னது என்றாலும் அதன் தர்க்கம் எல்லோருக்கும் பொருந்தும். விடவேண்டியது அந்தப் பொருளையே. அதில் பத்தில் ஒன்றைக் கோயிலுக்குத் தந்து ஒன்பதை வைத்துக்கொள்ள அங்கே வழி சொல்லப்படவில்லை.

இதற்கு எதிராகத் திருமங்கையாழ்வாரைக் காட்டுவார்கள் என்பதால் நானே எழுதிவிடுகிறேன். அடியார்க்கு அமுது படைக்க வழிப்பறி செய்தார், திருவரங்கத் திருப்பணிக்காக நாகப்பட்டினத்துப் பொற்சிலையைக் கவர்ந்தார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. ஆனால் அந்த வழிப்பறிக் கதை முடிவதே, வழிமறித்த இடத்தில் பெருமானே மணமகனாக வந்து நின்று அவரைத் தடுத்தாட்கொண்டதில்தான். அதைத் தொழில்முறைக்குச் சான்றாக எவரும் கொள்ளலாகாது. இதைவிட நுட்பமானது மூர்க்க நாயனார் வரலாறு. திருவேற்காட்டைச் சேர்ந்த அவர், அடியார்க்கு உணவளித்தே சொத்தெல்லாம் தீர்ந்த பிறகு, சூதாடி வென்ற பணத்தில் அமுதளித்தார். சேக்கிழார் இந்த இடத்தில் ஒரு சிறு செய்தியைச் சேர்க்கிறார்: சூதில் வந்த பொருளைச் சமைப்பவர்களே எடுத்துக்கொள்ள, நாயனார் தம் கையால் அதைத் தீண்டவில்லை, கடைப்பந்தியில்தான் உண்டார். நாயன்மாராக வணங்கப்படுபவருக்கும் அந்தப் பணத்தின் கறை தெரிந்திருந்தது என்பதை அவர் அதைத் தொடாதிருந்ததில் காண்கிறேன்.

நம் வணிகர்கள் இதில் ஒரு நல்ல ஒழுங்கைக் கண்டிருந்தார்கள். மகமை என்பது சரக்கு கைமாறும்போதே மூட்டைக்கு இவ்வளவு என்று தனியே எடுத்து வைப்பது. லாபம் பார்த்த பிறகு மனமிரங்கித் தருவது அன்று. விருதுநகரில் 1889ல் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலை அப்படிச் சேர்ந்த மகமையால் வளர்ந்த பள்ளிதான். வடக்கே 'தர்மாதா' என்று ரசீதிலேயே தனி வரியாகப் போடுவார்கள். அப்படி வாங்கிய தொகை தொடக்கத்திலேயே அறத்துக்கு உரியது, வணிகரின் வருமானம் ஆகாது என்று 1979ல் உச்ச நீதிமன்றமே ஒரு வருமான வரி வழக்கில் தீர்ப்பளித்தது. உங்கள் அன்னதான அரிசியை நிறுத்தச் சொல்லவில்லை. களத்து நெல்லின் கணக்கு நேரானால், அந்த அரிசி பதிலீடாக நிற்க வேண்டிய தேவை இல்லாமல் தானமாகவே நிற்கும்.

மறுவாசிப்பு எழுதியது:

எல்லோரும் மனுவைத் தராசுக்கோல் போல நீட்டுகிறீர்கள். அந்தக் கோலில் வெட்டியிருக்கும் கோடுகளையும் படித்துவிடுவது நேர்மை. ஒன்றேகால் வட்டியைச் சொன்ன சுலோகத்துக்கு இரண்டு சுலோகம் தள்ளி, 8.142ல், மாதம் நூற்றுக்கு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று வருண வரிசைப்படி வாங்கலாம் என்று இருக்கிறது. அந்தணனுக்கு இரண்டு, சூத்திரனுக்கு ஐந்து. எவனிடம் குறைவாக இருக்கிறதோ அவனிடம் அதிகமாக வாங்கு என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள். 10வது அத்தியாயத்தின் இறுதியில், ஆற்றல் இருந்தாலும் சூத்திரன் பொருள் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் அவன் அந்தணரைத் துன்புறுத்துவான் என்று காரணத்தோடு எழுதியிருக்கிறார்கள். உரக்கடையில் கடன் சொல்லும் சிறு விவசாயிகளில் பெரும்பாலோர் அந்த வரிசையில் எங்கே வைக்கப்பட்டவர்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நூல்களில் அறவழிப் பொருள் என்ற கருத்தே இல்லை என்று நான் வாதிடவில்லை. யாருடைய அறம், யாருடைய பொருள் என்று கேட்காமல் விதிகளை மட்டும் எடுத்துக் கையாள்வது ஆபத்து என்கிறேன். இன்றைக்குக் கொடுவட்டியைத் தடுக்க நமக்கு 2003ல் இயற்றிய தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது; அதில் வருணம் இல்லை. படுகைவாசி முதலில் தம் கணக்கரிடம் அந்தச் சட்டத்தைக் கேட்டறிவது நல்லது. சாத்திரத்தில் எடுக்கத்தக்கது ஏதேனும் இருந்தால், கொடுக்கும் நிலையில் இருப்பவனைக் கட்டுப்படுத்தும் பகுதிகளை எடுங்கள். வாங்கும் நிலையில் இருப்பவனைக் கட்டுப்படுத்தும் பகுதிகளை விட்டுவிடுங்கள்.

படுகைவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஏட்டுச்சுவடி ஐயா சொன்னபடி இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்ணை இங்கே எழுத மனம் வரவில்லை.

இன்னும் இரண்டு ஐயங்கள். என்னிடம் கடன் வாங்கிய ஒருவர் நோயில் விழுந்து படுக்கையாகிவிட்டார். இரண்டு பருவமாக நிலம் தரிசு. நோட்டில் வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட கணக்குகளுக்கு நூல்களில் ஏதேனும் உண்டா? அடுத்தது, இந்த விவாதத்தை வீட்டில் சொன்னபோது என் மைத்துனர், வயதான பெற்றோரையும் மனைவி மக்களையும் காக்க நூறு தகாத செயல் செய்தாலும் தவறில்லை என்று மனுவே சொல்லியிருக்கிறாரே என்றார். எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னது உண்மைதானா?

பேரேடு எழுதியது:

நோயாளியின் கணக்குக்கு நேரான விடை அர்த்தசாஸ்திரத்தில் இருக்கிறது. பலரும் அதை எழுதிய கௌடில்யரை அறம் பாராத அரசியல்காரர் என்று எண்ணுவதால் தர்மம் பற்றிய பேச்சில் அவரை அழைப்பதில்லை. பொருளே முதன்மை, அறமும் இன்பமும் பொருளை வேராகக் கொண்டவை என்று அவர் எழுதியது உண்மை. ஆனால் அதற்கு ஒரு வரி முன்னால், மூன்றில் ஒன்றை அளவுகடந்து பற்றினால் அது தன்னையும் கெடுத்து மற்ற இரண்டையும் கெடுக்கும் என்றும் அவரே எழுதியிருக்கிறார். எனக்குத் தெரிந்தவரை, பொருளையே முதலாக வைத்த மனிதர் கடன்பட்டவனுக்குக் கொடுத்த அளவு பாதுகாப்பைப் பொருளை இகழ்ந்து பாடியவர்கள் கொடுக்கவில்லை.

அந்நூலின் மூன்றாம் அதிகரணத்தில் (பெரும்பிரிவில்) கடன் பற்றிய அத்தியாயத்தைப் பாருங்கள். நெடுநாள் வேள்வியில் இருப்பவர், நோயாளி, குருகுலத்தில் அடைபட்ட மாணவர், சிறுவர், வழியற்ற ஏழை ஆகியோரின் கடனில் வட்டி வளரக் கூடாது. உங்கள் நோட்டில் உள்ளவர் இந்தப் பட்டியலில் அப்படியே இருக்கிறார். அதே அத்தியாயத்தில், வேலைக் காலத்தில் உழவர்களைக் கடனுக்காகப் பிடிக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. நாற்று நடும் நேரத்தில் வரப்பில் போய் நின்று கேட்கக் கூடாது என்று நம் மொழியில் சொல்லலாம். தானியமாகக் கொடுத்த கடனுக்கு அறுவடையில் வாங்கும் வட்டி முதலில் பாதிக்கு மேல் போகக் கூடாது. நான்காம் அதிகரணத்தில் வணிகரின் லாபத்துக்கே வரம்பு கட்டுகிறார்: உள்நாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு 5, வெளிநாட்டுச் சரக்குக்கு 10. வணிகர்கள் கூடிப் பேசிச் சரக்கைத் தடுத்து வைத்துத் தகாத விலைக்கு விற்றால் 1,000 பணம் தண்டம்.

இவை அரசனுக்குச் சொன்னவை, தனி மனிதனின் மனச்சான்றுக்குச் சொன்னவை அல்ல என்பது சரியே. ஆனால் மனச்சான்றை மட்டும் நம்பி விட்டுவிடாமல் தண்டத்தையும் எழுதி வைத்ததால்தான் எனக்கு அவர்மேல் மதிப்பு.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மறுவாசிப்பு சுட்டிய சுலோகங்கள் அப்படியே உள்ளன. மறைத்துப் பேசுவதில் பயனில்லை. அவர் சொன்ன தேர்வுமுறை எனக்கு உடன்பாடுதான். ஆனால் அந்தத் தேர்வை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை, மரபுக்குள்ளேயே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார் என்று சேர்க்க விரும்புகிறேன். சாந்தி பர்வத்தில் காசி நகரத்து வணிகன் துலாதாரனிடம் ஜாஜலி என்ற தவசி பாடம் கேட்க வருகிறார். சடையில் குருவிகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை அசையாமல் நின்ற தவசி. அந்தச் செருக்கோடு இருந்தவரைக் கடைத்தெருவுக்கு அனுப்புகிறது கதை. மளிகையும் நறுமணப் பொருளும் விற்கும் துலாதாரன் தன் தொழிலைச் சொல்லும் விதம் எளிது: கள் விற்பதில்லை, வஞ்சனையில்லாமல் வாங்கி வஞ்சனையில்லாமல் விற்கிறேன், என் தராசு எல்லா உயிர்க்கும் ஒன்றே. எந்த உயிருக்கும் கேடின்றி, இயலாதபோது மிகக் குறைந்த கேட்டோடு வாழ்வதே உயர்ந்த அறம் என்கிறான். கவனிக்க வேண்டியது, "அத்ரோஹேணைவ பூதானாம்" என்று தொடங்கும் அந்த அடி மனுஸ்மிருதி 4.2லும் சொல்லுக்குச் சொல் இருக்கிறது. மனுவில் அது அந்தணனின் பிழைப்புக்கு விதி. பாரதத்தில் அதையே ஒரு கடைக்காரன் தவசிக்குச் சொல்லித் தருகிறான். எல்லாருக்கும் ஒரே தராசு என்பவன் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற வட்டிப் பட்டியலை எப்படி ஏற்பான்?

மைத்துனர் சொன்ன சுலோகம் உண்மையில் வழங்குவதுதான். பரிமேலழகர் இதை எதிர்கொண்டிருக்கிறார் என்பது தமிழ் படித்தவர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு. "ஈன்றாள் பசிகாண்பான் ஆயினுஞ் செய்யற்க சான்றோர் பழிக்கும் வினை" என்ற குறளுக்கு உரை எழுதும்போது, மூத்த பெற்றோரும் கற்புடை மனைவியும் குழந்தையும் பசியால் வருந்தும் எல்லையில் தீயன பலவும் செய்தாயினும் காக்க என்பது அறநூல்களின் பொதுவிதி என்று ஒப்புக்கொள்கிறார். பிறகு, அந்த விதி அமைச்சர்க்குப் பொருந்தாது என்பதால் வள்ளுவர் இவ்வாறு கூறினார் என்று குறளை அமைச்சருக்கு மட்டுமாக ஒதுக்கிவிடுகிறார். வடநூல் விதியையும் காத்து, வள்ளுவரையும் காக்க அவர் கண்ட வழி அது. எனக்கு இந்தச் சமரசம் ஒப்பவில்லை. தாயின் பசியைச் சொன்ன குறள் அமைச்சன் வீட்டுத் தாயை மட்டும் நினைத்ததாகத் தோன்றவில்லை. ஆனால் பரிமேலழகரின் பக்கம் நின்றே பார்த்தாலும் அந்த விதிவிலக்குப் பசியால் வருந்தும் எல்லைக்கு உரியது. மாதாமாதம் சரக்கு இறங்கும் கடைக்கு அதில் இடமில்லை என்று மைத்துனரிடம் சொல்லலாம்.

படுகைவாசி எழுதியது:

படுத்திருப்பவரின் கணக்கில் வட்டியை இந்த மாதத்தோடு நிறுத்தி, நோட்டிலும் எழுதிவிட்டேன். வட்டி வீதத்தில்தான் சிக்கல். மொத்த வியாபாரி எனக்கு மாதம் நூற்றுக்கு ஒன்றரை போடுகிறார். நான் ஒன்றேகாலுக்கு இறங்கினால் ஒவ்வொரு மூட்டையிலும் கைப்பணம் போகும். வசிஷ்டர் கணக்கில் நான் கடையை மூட வேண்டியதுதானா?

பேரேடு எழுதியது:

வேண்டியதில்லை. அந்த ஒன்றேகால் எந்தக் கடனுக்கு என்பதை யாக்ஞவல்கிய ஸ்மிருதி தெளிவாக்குகிறது: அடகு வைத்து வாங்கிய கடனுக்கு 80ல் ஒரு பங்கு, அடகில்லாத கடனுக்கு அதைவிடக் கூடுதல். நீங்கள் எந்த ஈடும் வாங்காமல், பயிர் வந்தால் உண்டு என்ற நம்பிக்கையில் கொடுக்கிறீர்கள். அத்தகைய கடனுக்கு நூல்கள் குறிப்பதில் மிகக் குறைந்த வீதமே இரண்டுதான். மறுவாசிப்பு கண்டித்த வரிசையில் எல்லோருக்கும் முதல் எண்ணையே வைத்துக்கொண்டால் நீங்கள் நூல் எல்லைக்குள் நிற்கிறீர்கள்; இன்றைய சட்ட எல்லையை உங்கள் கணக்கர் சொல்லட்டும்.

ஆனால் இரண்டு வட்டி வாங்குபவருக்கு நெல் விலையின் ஏற்றமும் சேர்ந்து உரியதாகாது. இப்படிச் செய்யலாம்: களத்தில் அளந்து விடும் நெல்லை அன்றே வரவு வைக்காமல், அளந்தவர் பெயரிலேயே உங்கள் கிடங்கில் மூட்டை எண்ணிக்கையாக எழுதி வையுங்கள். ஆலைக்கு விற்கும் நாளில் விற்ற விலைக்கு வரவு வைத்து, கிடங்குக் கூலி, ஏற்றுகூலி, எடைக்குறைவு இவற்றைக் கழித்துக்கொண்டு, மிச்சம் இருந்தால் அவரிடம் கொடுத்துவிடுங்கள். நெல் இருப்பில் இருக்கும் மாதங்களுக்கு அந்த அளவு கடனுக்கு வட்டி ஓடக் கூடாது. விலை இறங்கினால் என்ன செய்வது என்பதையும் அளக்கும்போதே பேசி, இருவர் கையெழுத்தோடு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.